முச்சந்திப் பாட்டுப் புத்தகங்களை இணையத்தில் ஏற்றியது: கிளை நூலகப் பணியாளரின் செய்முறைக் குறிப்புகள்

வட கரோலினாவிலுள்ள சார்லட் நகரின் பொது நூலகத்தில் 2006ஆம் ஆண்டு ஹெலீன் ப்ளோவர்ஸ் என்னும் அம்மையார், நூலகப் பணியாளர்கள் புதிய இணையக் கருவிகளைத் தாமாகவே பழகிக்கொள்ளும்படி 23 செய்கைகள் அடங்கிய பயிற்சித் திட்டமொன்றை வகுத்தார். வகுப்பறை கிடையாது, படம் ஏற்றுவது, குறிச்சொல் இடுவது, விக்கியில் எழுதுவது என ஒவ்வொன்றையும் செய்து பார்த்தே கற்க வேண்டும். முடித்தவர்களுக்கு எம்பி3 இசைக்கருவி பரிசாகக் கிடைத்தது. பின்னர் அத்திட்டம் பல நாட்டு நூலகங்களுக்கும் பரவியது. அதன் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதில் ஒன்று போதவில்லை என்றும் தோன்றியது. எந்தக் கருவியையும் வெறும் பயிற்சிக்காகத் தொட்டால், அது இயங்குகிறது என்பது மட்டுமே தெரியும். நமக்கு உயிரான பொருளொன்றை அதனிடம் ஒப்படைக்கும்போதுதான் அது எங்கே தவறுகிறது, அந்தத் தவற்றைப் பிடிக்க என்ன அறிவு வேண்டும் என்பது தெரியவரும். ஆகவே, நான் பல ஆண்டுகளாகச் சேர்த்துவரும் முச்சந்திப் பாட்டுப் புத்தகங்களையே எடுத்துக்கொண்டு, ஒளிப்படம் எடுப்பதிலிருந்து விக்கிமூலம் என்னும் கட்டற்ற இணைய நூலகத்தில் மெய்ப்பு (பிழை திருத்தம்) முடிப்பது வரை ஒவ்வொரு கருவியையும் அவற்றின் மேல் பயன்படுத்திப் பார்த்தேன். அந்த வேலையின் பதிவு இது. நூலக நேரத்துக்குப் பின், சொந்தச் சேகரிப்பைக் கொண்டு செய்த வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் புத்தகங்களை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் சென்னைக் குஜிலிக் கடைத்தெருவிலும் பிற ஊர்களின் சிறு அச்சகங்களிலும் எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் என மலிவுத் தாளில் அச்சாகி, காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்றவை இவை. விற்பவரே சந்தையிலும் திருவிழாவிலும் தெருமுனையிலும் நின்று பாடிக்காட்டி விற்பார். வெள்ளம், புயல், கொலை, ரயில் விபத்து, கொள்ளைநோய், கள்ளின் கேடு, காந்தியடிகளின் வருகை என ஊர் பேசிய எல்லாவற்றுக்கும் சிந்தும் கும்மியும் உண்டு. புலவர்கள் இவற்றை இலக்கியமாக மதிக்கவில்லை. வீட்டில் யாரும் பாதுகாக்கவில்லை. நூலகங்களில் மிகச் சிலவே வாங்கி வைத்தன. ரோஜா முத்தையா போன்ற தனிமனிதர்கள் தேடிச் சேர்த்திராவிட்டால் இன்று பார்க்கக் கிடைப்பதில் பெரும்பகுதி இருந்திருக்காது. என்னிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய பேப்பர்க் கடைகளில் எடைக்கு வாங்கிய கட்டுகளுக்குள்ளிருந்து பொறுக்கியவை. நூலகத்தில் பொருள்வாரியாக எண்ணிடும் டூயி பகுப்பின்படி அடுக்கினால் இவை அத்தனையும் 894.8111 என்ற தமிழ்க் கவிதை எண்ணுக்குக் கீழே ஒரே வரிசையில் போய் நிற்கும்; வெள்ளத்தைத் தேடுபவருக்கும் ரயில் விபத்தைத் தேடுபவருக்கும் அந்த எண் ஒன்றையும் சொல்லாது. இவற்றைத் தேடத்தக்க எழுத்தாக மாற்ற வேண்டும் என்ற ஆசை அங்கிருந்துதான் தொடங்கியது.

முதலில் எவற்றை ஏற்றலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை நீடிக்கும். ஆசிரியர் பெயர் வெளியாகாத நூலுக்கு அச்சான ஆண்டிலிருந்து அதே கணக்கு. விக்கிமூலத்துக்கான படங்கள் தங்கும் கோப்புக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுவதற்கு அமெரிக்காவிலும் பொதுவுடைமையாக இருக்க வேண்டும்; அங்கே அச்சாகி 95 ஆண்டுகள் நிறைந்தவற்றுக்குத் தடையில்லை. தெருப்பாடகர்களின் இறந்த ஆண்டு எந்த ஏட்டிலும் இராது. அதனால், பிற்காலத்தில் அச்சாகி ஆசிரியர் பெயரும் தாங்கியவற்றை எல்லாம் தனி உறையில் போட்டு ஒதுக்கிவிட்டு, பெயரில்லாதவற்றையும் மிகப் பழையவற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆசையாக இருந்த சில புத்தகங்கள் அந்த உறைக்குள் போய்விட்டன. இருந்தாலும் இதில் தளர்வு காட்டக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நூலகத்தில் வேலை செய்பவர் உரிமை விஷயத்தில் ஊகத்தின் மேல் நடந்தால், பிறகு அவர் ஏற்றிய எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

அச்சான ஆண்டைக் கண்டுபிடிப்பது தனி வேலை. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு வெளியீட்டிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்று விதித்ததால், அரையணாப் புத்தகத்திலும்கூட முகப்பின் அடியில் அச்சகத்தின் பெயர் தவறாமல் இருக்கிறது. ஆங்கில ஆண்டு சிலவற்றில் மட்டுமே உண்டு. மற்றவற்றில் தமிழாண்டின் பெயர் தான். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது. லிப்ரே ஆபிஸ் விரிதாளில் இதற்குச் சிறிய வாய்பாடு ஒன்றை அமைத்துக்கொண்டேன்: ஆங்கில ஆண்டிலிருந்து 1867ஐக் கழித்து, 60ஆல் வகுத்து, மீதியோடு ஒன்றைக் கூட்டினால் பிரபவ முதலான வரிசை எண் கிடைக்கும். சித்திரைக்கு முந்தைய மாதங்களுக்கு மட்டும் ஓராண்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். காவிரி வெள்ளத்தைப் பாடும் எட்டுப் பக்கச் சிந்து ஒன்றின் முகப்பில் ‘ரக்தாட்சி வருஷம் ஆடி மாதம்’ என்று இருந்தது. ரக்தாட்சி 58ஆவது ஆண்டு. 1864ஆகவும் இருக்கலாம், 1924ஆகவும் இருக்கலாம். 1924 ஜூலையில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெருவெள்ளம் வந்தது நன்கு அறியப்பட்ட செய்தி. ஆடி பிறப்பதும் ஜூலையின் நடுவில். பாட்டுக்குள்ளே ரயில்பாதை அறுந்த செய்தியும் வருவதால் ஐயமே எழவில்லை. வெள்ளம் வந்த மாதத்திலேயே அச்சிட்டு விற்றிருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது, அந்த வேகத்தின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டாகிறது. இனி இக்குறிப்புகளில் பெரும்பாலும் அந்தச் சிந்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

படம் எடுப்பதற்குத் தட்டை வருடி (ஸ்கேனர்) வேண்டாம் என்று முடிவு செய்தேன். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் அமிலத்தால் பழுத்து, மடித்த இடத்தில் அப்பளம்போல் ஒடிகிறது. அதைக் கவிழ்த்துக் கண்ணாடியில் அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். தையலுக்குப் பதிலாக இரும்புக் கம்பி போட்டிருந்தவற்றில் துரு தாளைச் சுற்றிலும் அரித்திருந்தது. கம்பியை நான் எடுக்கவில்லை. மேசைமேல் கறுப்பு அட்டை விரித்து, கைப்பேசியை நேர் மேலே தாங்கியில் நிறுத்தி, இருபுறமும் 45 பாகைச் சாய்வில் வெள்ளை விளக்குகள் வைத்துக்கொண்டேன். விரித்த புத்தகம் ஏறத்தாழ 24 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும் இருக்கும், 4000 புள்ளி அகலப் படம் 28 செ.மீ. பரப்பை அடக்கினால் அங்குலத்துக்கு 360 புள்ளிகள் கிடைக்கின்றன. படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சு வடிவாக்கும் எழுத்துணரிக்கு 300 போதும் என்பதால் விலையுயர்ந்த கேமரா தேவைப்படவில்லை. குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவிட்டு, தொட்டவுடன் அதிராமலிருக்க இரண்டு நொடி தாமதம் வைத்து எடுத்தேன். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் படத்திலும் ஓர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்ததால், நூலின் உண்மையான அளவும் படத்தோடு நிரந்தரமாகப் பதிவாகிவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் மிகவும் உதவியது. இத்தகைய தாளில் பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் ஊடுருவித் தெரியும். எடுக்கப்போகும் தாளுக்கு அடியில் கறுப்புத் தாளைச் செருகினால் பின்பக்க எழுத்து கறுப்போடு கறுப்பாக அடங்கிவிடும். வெள்ளைத் தாள் செருகினால் அது இன்னும் தெளிவாக எழுந்து நிற்கும். ஆவணங்களைப் படமெடுக்கும் கைப்பேசிச் செயலிகள் சிலவற்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். அவை தாமாகவே ஓரம் வெட்டி, நிறம் வெளுத்து, எழுத்தைத் தடிக்கச் செய்துவிடுகின்றன. ரசீதுக்குச் சரி, இதற்கு ஆகாது.

படங்களைச் சீர்செய்ய ஸ்கேன் டெய்லர் என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். திசை திருத்துவது, இரு பக்கங்களைப் பிரிப்பது, சாய்வை நேராக்குவது, எழுத்துப் பகுதியைத் தேர்வது, ஓரம் அமைப்பது, வெளியீடு என ஆறு படிகளில் அது வேலை செய்கிறது. பெரும்பாலான படிகளைத் தானே செய்துவிடும்; நாம் பார்த்துத் திருத்தினால் போதும். ஆனால் கடைசிப் படியில் உள்ள தூசு நீக்கத்தைத் தமிழ் நூலுக்குப் பயன்படுத்துபவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தனித்து நிற்கும் சிறு கரும்புள்ளிகளை அது அழுக்கென்று கருதி அழித்துவிடும். ஆங்கிலப் பக்கத்தில் அதனால் பெரிய கேடில்லை. தமிழிலோ மெய்யெழுத்தின் புள்ளி அதே அளவில், அதே போலத் தனித்துத்தான் நிற்கிறது. மை குறைந்து அச்சான வரியில் ‘கண்டார்’ என்பது ‘கணடார’ என்று வெளியே வருவதைத் திரையில் பார்த்தேன். உடனே தூசு நீக்கத்தை முழுவதும் அணைத்துவிட்டு, கறுப்பு வெள்ளைக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்திலேயே வெளியீட்டை எடுத்தேன். கோப்பு பெரிதாகும், அழுக்கும் நிற்கும். அழுக்கு நிற்கட்டும், புள்ளி போகக்கூடாது.

இனி எழுத்துணரி. இந்த வேலையில் எனக்கு மிகுதியாகக் கற்றுக்கொடுத்த கட்டம் இதுதான். டெசராக்ட் என்பது எச்பி நிறுவனத்தில் 1980களில் உருவாகி, 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டு, 2018இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்புவலைப் பின்னல் முறையில் இயங்கும் எழுத்துணரி. அதைக் கணினியில் நிறுவித் தமிழ்த் தரவைச் சேர்த்துக்கொண்டேன். கூகுளின் எழுத்துணரியையும் விக்கிமூலத்தின் தொகுப்புப் பெட்டிக்குள்ளேயே ஒரே பொத்தானில் பயன்படுத்தலாம். அண்மையில் அச்சான நூல்களுக்கு இரண்டும் வியக்கத்தக்க அளவு நன்றாகப் படிக்கின்றன. என் புத்தகங்களிலோ இரண்டும் ஒரே இடங்களில் தடுமாறின. காரணம் பழைய எழுத்து வடிவம். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் கையாளத் தொடங்கி, தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணையாக்கிய சீர்திருத்தத்துக்கு முன், ணா, றா, னா ஆகியவை துணைக்கால் இல்லாமல் எழுத்தோடு சுழித்தே எழுதப்பட்டன. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு எழுத்தின் தலைமேல் தும்பிக்கை போன்ற வளைவு இருந்தது. இன்றைய எழுத்துருக்களைக் கொண்டு பயின்ற கருவிக்கு அவை தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று அது சொல்வதும் இல்லை. தனக்குத் தெரிந்த எழுத்துகளில் எது நெருக்கமோ அதை எழுதிவிடுகிறது.

ஆனால் அது தவறுவதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ‘என்றான்’ என்பது ‘என்ருன்’ ஆகிறது. ‘ஆனால்’ என்பது ‘ஆளுல்’ ஆகிறது. ‘அவனை’ என்பது ‘அவனே’ ஆகிறது. ‘இல்லை’ என்பது ‘இல்லே’ ஆகிறது. இந்த நான்கையும் பார்த்தவுடன் தேடி மாற்றும் கட்டளை ஒன்றை எழுதி எல்லாவற்றையும் ஒரே வீச்சில் திருத்திவிடலாம் என்றே எவருக்கும் தோன்றும். எவற்றை அப்படித் திருத்தலாம், எவற்றைத் தொடக்கூடாது என்று தீர்மானிக்க எனக்குக் கைகொடுத்தது பள்ளியில் படித்த மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்யை அடுத்து எந்த எழுத்து வரலாம் என்னும் விதி. தமிழ்ச் சொல்லுக்குள் னகர மெய்யை அடுத்து ரகரம் வராது, றகரம் வரும். ஆகவே ‘ன்ரு’ என்று எங்கே கண்டாலும் அது தவறு. ‘ன்றா’ என்று மாற்றிவிடலாம். ‘ற்ரு’ என்பதும் அவ்வாறே ‘ற்றா’ ஆகும். ‘ளுல்’ என்றும் ‘ளுன்’ என்றும் முடியும் சொற்கள் தமிழில் அரிதினும் அரிது என்பதால், அவற்றையும் ‘னால்’, ‘னான்’ என்று மாற்றி, மாற்றிய இடங்களைப் பட்டியலாக எடுத்து ஒருமுறை கண்ணோட்டினால் போதும். இவ்வாறு இலக்கண விதிகளை, எழுத்துக் கோவைகளைத் தேடி மாற்றும் ரெகெக்ஸ் கட்டளைகளாக எழுதி, பைத்தானில் சிறு நிரலாகச் சேமித்துக்கொண்டேன். நிரலெழுத எனக்கு முன்பு தெரியாது. இதற்காகவே கற்றேன், இதற்குத் தேவையான அளவே கற்றேன். தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்த விதி கணினிக் கட்டளைக்குள் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

‘னே’, ‘லே’ ஆகியவற்றுக்கு இந்த வழி செல்லாது. ‘அவனே’ என்பதும் சொல், ‘அவனை’ என்பதும் சொல். சிந்துப் பாட்டிலோ ஏகாரம் அடிதோறும் வரும். ‘வெள்ளத்திலே’, ‘கரையினிலே’, ‘வந்தவனே’ என்று இழுத்துப் பாடினால்தான் அது சிந்து. ‘லே’ அனைத்தையும் ‘லை’ ஆக்கினால் பாட்டின் மூச்சே நின்றுபோகும். ‘இல்லே’ என்பதைக்கூடத் துணிந்து திருத்த இயலாது. பேச்சு வழக்கை அப்படியே அச்சில் ஏற்றிய பாட்டுகள் இவை, ஆகவே அச்சுக்கோத்தவரே ‘இல்லே’ என்று வைத்த இடங்களும் உண்டு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எழுத்தின் முன்னால் கொம்பு நிற்கிறதா, தலைமேல் தும்பிக்கை வளைகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எந்தக் கருவியின் விளம்பரமும் இந்த வேலையைப் பற்றிச் சொல்லாது. பழந்தமிழ் அச்சை எண்ணிம வடிவாக்கும் திட்டத்துக்கு ஆள் நேரம் கணக்கிடுபவர்கள், ஒளிப்படத்துக்கு ஆகும் நேரத்தைவிடப் பன்மடங்கு நேரத்தை இந்தக் கட்டத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

குறியீடுகள் வேறு இருந்தன. வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, மேற்படிக்கு ௸ என்று அச்சகத்தார் சுருக்கக் குறிகளைத் தாராளமாகக் கையாண்டிருக்கிறார்கள். பல்லவியை மறுபடி பாட வேண்டிய இடங்களில் ௸ மட்டும் நிற்கும். எழுத்துணரி இவற்றைப் பெரும்பாலும் வேறு எழுத்துகளாகவே படித்தது. நல்லவேளையாக ஒருங்குறியில் (யூனிகோடில்) இவற்றுக்கு 2003ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. எழுத்து வரைபடத்திலிருந்து எடுத்து ஒட்டலாம். தமிழ் எண்களில் ௧ என்பது க என்றும் ௨ என்பது உ என்றும் வந்துவிடுவதால், பாட்டின் எண்வரிசையை மட்டும் தனியாக ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிடுவது நல்லது.

சீர்செய்த படங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாக்கிப் பொதுவகத்தில் ஏற்றி, இந்தியாவுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று என இரண்டு உரிமக் குறிகளையும் இட்டபின், தமிழ் விக்கிமூலத்தில் அதற்கு ‘அட்டவணை’ப் பக்கம் உருவாக்கினேன். ஒவ்வொரு அச்சுப் பக்கத்துக்கும் தனிப் ‘பக்கம்’ திறக்கிறது. ஒரு புறம் படம், மறுபுறம் எழுத்து. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்து முடித்தது மஞ்சள், வேறொருவரும் பார்த்து உறுதி செய்தது பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது என்ற கட்டுப்பாடு இதில் இருக்கிறது. பதிப்பகங்களில் மெய்ப்புத் திருத்துபவர் இருவர் இருந்த காலத்து நெறியை மென்பொருளுக்குள் கட்டிவைத்திருக்கிறார்கள். அதனாலேயே இந்தத் தளத்தின்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இரண்டாம் கண்ணாக அமைந்தவர் எங்கள் நூலகத்துக்கு நாள்தோறும் செய்தித்தாள் படிக்க வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கணக்குத் தொடங்கவும் பொத்தான்களைப் பழகவும் நான் உதவினேன். பாட்டைப் படிக்க அவர் எனக்கு உதவினார். வெள்ளச் சிந்தின் மூன்றாம் பக்கத்தில் இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை ஒன்று ஒரு சொல்லின் முதலெழுத்தை விழுங்கியிருந்தது. எஞ்சியிருந்தது ‘ரை பொங்கி’ என்பது மட்டுமே.

“மேலடி ‘கரை’ என்று தொடங்குகிறதே அம்மா, எதுகை பார்த்தால் ‘நுரை’தானே வரும்?” என்றார்.

“‘திரை’யும் பொருந்துமே ஐயா. வெள்ளத்தில் திரையும் பொங்கும் அல்லவா?” என்று கேட்டேன்.

படத்தைப் பெரிதாக்கச் சொல்லி வெகுநேரம் உற்றுப் பார்த்தார். “திகரமாக இருந்தால் மேல்விலங்கின் வளைவு ஓட்டைக்கு மேலே கொஞ்சமாவது எட்டிப் பார்த்திருக்கும். அங்கே மை தெரியவில்லை. நுகரம்தான் அம்மா,” என்றார்.

அவர் சொன்னது சரியென்றே நானும் நினைக்கிறேன். ஆயினும் பக்கத்தில் அந்த எழுத்தை இடைவெளியாகவே குறித்து, ஊகத்தையும் அதற்கான காரணத்தையும் உரையாடல் பக்கத்தில் எழுதிவைத்தோம். அச்சில் இருப்பதை அப்படியே தருவதுதான் விக்கிமூலத்தின் வேலை. நம் ஊகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மூலத்துக்குள் போய்விடக் கூடாது. எழுத்துப் பிழை போலத் தோன்றும் பேச்சு வடிவங்களையும் நாங்கள் திருத்தவில்லை. ‘வெள்ளம் வந்துது’ என்று அச்சில் இருந்தால் ‘வந்துது’தான்.

எழுத்து முடிந்தபின் நூலகப் பணியாளருக்கு மிகவும் பழக்கமான வேலை வந்தது: விவரம் எழுதுவது. ஆசிரியர், பதிப்பித்தவர், அச்சகம், ஊர், தமிழாண்டு, ஆங்கில ஆண்டு, பக்கம், விலை, பாவகை, மெட்டு, பொருள் என விரிதாளில் நிரல்களை, அதாவது நெடுவரிசைகளை, அமைத்து, ஒரே அச்சகத்தின் பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தவற்றை ஓப்பன் ரிஃபைன் கருவியால் ஒன்றுபடுத்தினேன். அது ஒத்த வடிவங்களைத் தானே திரட்டிக் காட்டும். சேர்ப்பதா வேண்டாமா என்பதை நாம் சொல்ல வேண்டும். ‘பிரஸ்’, ‘அச்சுக்கூடம்’, ‘யந்திரசாலை’ என்று பெயர் மாறினாலும் முகவரி ஒன்றாக இருந்தால் மட்டுமே சேர்த்தேன். பிறகு ஒவ்வொரு பதிப்பையும் விக்கித்தரவு என்னும் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் தனி உருப்படியாக்கி, வெளியான ஆண்டு, இடம், பொருள் ஆகியவற்றை இணைத்தேன். 894.8111 என்ற ஒற்றை எண்ணால் இயலாதது இங்கே எளிதில் இயலுகிறது. வெள்ளத்தைப் பொருளாகக் கொண்ட பாட்டுகளை மட்டும் ஆண்டு வரிசையில் கேட்டுப் பெறலாம். விலை நிரலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஒரே அச்சகம் வெள்ளப் பாட்டைக் காலணாவுக்கும் பக்திப் பாட்டை அரையணாவுக்கும் விற்றது என்பது போன்ற செய்திகள் அந்த நிரலிலிருந்துதான் புலப்படுகின்றன. அதை விட்டுவிடாதீர்கள் என்று இவ்வேலையில் இறங்குபவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

மெட்டு நிரல் இன்னும் அரைகுறையாகவே நிற்கிறது. பாட்டின் தலைப்பில் இன்ன மெட்டு என்று வேறொரு பாட்டின் முதலடியைக் கொடுத்திருக்கிறார்கள். அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த மெட்டாக இருந்திருக்க வேண்டும். ஆசிரியர் ஐயாவுக்குத் தெரிந்த சில மெட்டுகளை ஆடாசிட்டியில் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன். பாடியவரின் ஒப்புதலை எழுத்தில் பெற்று, பாட்டின் பக்கத்தோடு இணைப்பது அடுத்த வேலை.

வெள்ளச் சிந்தின் கடைசித் தாள் என் பிரதியில் இல்லை. எட்டுப் பக்கம் என்று முகப்பு சொல்கிறது. ஆறாம் பக்கத்தின் அடியில் பாட்டு நடுவரியில் நிற்கிறது. ஏழாம், எட்டாம் பக்கங்களுக்குப் பதிலாகப் பிடிஎஃப் கோப்பில் இரண்டு வெற்றுப் பக்கங்களைச் சேர்த்தே ஏற்றினேன். இப்படிச் செய்துவைத்தால், பின்னால் மூலம் கிடைக்கும்போது அதே பெயரில் புதிய கோப்பை மேலேற்றிவிடலாம். முன்பு மெய்ப்புப் பார்த்த பக்கங்களின் எண் இடம் மாறாது. ரக்தாட்சி ஆடியில் அச்சான, முகப்பில் ஆசிரியர் பெயரில்லாத காவிரி வெள்ளச் சிந்து யாரிடமாவது முழுமையாக இருந்தால், அந்த இரண்டு பக்கங்களையும் கறுப்புத் தாளை அடியில் செருகி, அளவுகோலோடு படமெடுத்துப் பொதுவகத்தில் ஏற்றுங்கள். சேர்க்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.